நீல்சன் றோட்டுக்கு எந்தப் பக்கம்? ஒரு ஸ்காபரோத் தொகுதியின்ர வரலாற்றுக் கையேடு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 ஜனவரி கடைசியில ஒன்ராறியோவில திடீரெண்டு மாகாண எலக்சன் அறிவிச்சிட்டினம், பெப்ரவரி 27 வோட். ரொறன்ரோவில ஸ்காபரோவின்ர கிழக்குப் பக்கத்தில இயங்கிற ஒரு தமிழ் முதியோர் சங்கத்தில அந்தக் கிழமையே கதை தொடங்கினது, எங்கட தொகுதி எது, முந்தி ஆர் ஆர் எம்பிபியா (மாகாணச் சட்டசபை உறுப்பினரா) இருந்தவை, எப்பத்தையில இருந்து இந்தப் பேர் எண்டு. ஆளுக்கொரு பதில். அதால நிர்வாகக் குழு தமிழில ரெண்டு பக்கக் கையேடு ஒண்டு அடிப்பம் எண்டு முடிவெடுத்தது. தலைப்பும் அப்பவே வைச்சாச்சு, "எங்கள் தொகுதியின் வரலாறு". எழுதிற வேலை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரிட்ட போனது (இனி மாஸ்டர் எண்டே சொல்லுறன், அங்க எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுறது), பிழை பார்த்துக் குடுக்கிற வேலை என்னட்ட வந்தது.

தொகுதி எண்டது ஸ்காபரோ ரூஜ் பார்க். மாகாணத் தொகுதியா இது முதல் வோட்டைக் கண்டது 2018 ஜூனில. பாக்கப்போனா ஏழு வருசத்துப் பிள்ளை, வரலாறு எழுத என்ன கிடக்கு எண்டு தோன்றும். ஆனா அந்த நிலத்தில இருக்கிற சனம் நாற்பது வருசமா வோட் போடுது, அவையின்ர ஞாபகத்தில இருக்கிற தொகுதியள் வேற வேற. இதை எழுதி வைக்கிறதுக்குக் காரணம் அதுதான், வேற இடத்திலயும் சங்கங்கள் இதே மாதிரிக் கையேடு அடிக்கினம், அதுகளிலயும் இதே சிக்கல் வருது. ஆக்களின்ர பேர், சங்கத்தின்ர பேர் ஒண்டும் போடேல்லை. அரசியல்வாதியளின்ர பேர் பொதுப் பதிவில உள்ளது, அதைப் போடாமல் இந்தக் கதை சொல்ல ஏலாது.

முதல் வரைவு

மாஸ்டர் இரண்டொரு நாளில ஒரு பட்டியல் கொண்டு வந்தவர். நல்ல கையெழுத்து, ஒரே நேர்கோடு. மேல தொம் வெல்ஸ், அதுக்குக் கீழ அல்வின் கேர்லிங், பிறகு டெரிக் லீ, பாஸ் பல்கிசூன், ராதிகா சிற்சபைஈசன், றேமண்ட் சோ, கரி ஆனந்தசங்கரி, கடைசியா விஜய் தணிகாசலம். ஒருத்தரும் கற்பனை இல்லை, எல்லாரும் அந்தப் பக்கத்தில இருந்து தெரிவானவைதான். ஆனா டெரிக் லீ, ராதிகா, கரி மூண்டு பேரும் ஒட்டாவாவுக்கு, அதாவது கனடா நாடாளுமன்றத்துக்குப் போன எம்பிமார், மற்றவை குயின்ஸ் பார்க்குக்கு, அதாவது ஒன்ராறியோ மாகாணச் சட்டசபைக்குப் போன எம்பிபிமார். ரெண்டு சட்டசபைக்குப் போனவையை ஒரே வரிசையில நிப்பாட்டினால் ஒருத்தர் விலகி மற்றவர் வந்த மாதிரித் தெரியும். 2011 இல ராதிகா என்டிபியில (புதிய சனநாயகக் கட்சி) வெண்டு கனடா நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர், அதே நேரம் அதே வீடுகளுக்கு மாகாணத்தில லிபரல் பல்கிசூன் இருந்தவர். மாஸ்டரின்ர பட்டியலைப் பாத்தால் பல்கிசூனைத் தோக்கடிச்சிட்டுத்தான் ராதிகா வந்தவா எண்டு நினைப்பினம்.

இது லேசா விடுற பிழை, மாஸ்டரைக் குறை சொல்ல ஒண்டுமில்லை. ஏனெண்டால் அப்ப ஒட்டாவாத் தொகுதிக்கும் மாகாணத் தொகுதிக்கும் ஒரே பேர்தான், ஸ்காபரோ ரூஜ் றிவர். அதுகும் காணாதெண்டு ரொறன்ரோ மாநகர சபையின்ர 41ஆம், 42ஆம் வட்டாரங்களுக்கும் அந்தப் பேர்தான் இருந்தது.

பெரிய சிக்கல் வேற இடத்தில இருந்து வந்தது. வரைவைச் சங்கத்தில வாசிச்சுக் காட்டேக்க, போர்ட் யூனியன் பக்கம் 90களில வீடு வேண்டி அதே வீட்டிலயே இருக்கிற ஒரு ஐயா எழும்பிக் கேட்டவர், "மாஸ்டர், இதில கேர்லிங் எண்டு போட்டிருக்கிறியள், அந்த ஆளின்ர பேர் என்ர வோட்டுக் கடுதாசியில ஒருநாளும் வரேல்லையே? பல்கிசூனும் வரேல்லை. அப்ப நான் இவ்வளவு காலமும் எங்க வோட் போட்டனான்?" அதுக்கு மால்வேர்ணில இருந்து வாற ஒரு அக்கா, "என்னண்ணை கதைக்கிறியள், எனக்கு 95 இல முதல் வோட்டே கேர்லிங் நிண்ட எலக்சன்தான்" எண்டு சொன்னவா. கொஞ்ச நேரம் சத்தம். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை, ரெண்டு பேரும் இப்ப ஒரே தொகுதி.

கவனிச்சது

அந்த ரெண்டு பேரையும், வெஸ்ட் ஹில்லில இருக்கிற இன்னொரு அம்மாவையும் வைச்சு வீட்டு விலாசத்தில இருந்து பின்னுக்குப் போய்ப் பாத்தம். பேரில இருந்து தொடங்காமல் வாசல்படியில இருந்து தொடங்கினது எண்டு சொல்லலாம்.

மால்வேர்ண் அக்காவின்ர வீடு நீல்சன் றோட்டுக்குக் கிழக்கே. அந்த நிலம் முதல்ல ஸ்காபரோ நோர்த். 1963 இல இருந்து 1985 வரைக்கும் அங்க கொன்சவேட்டிவ் தொம் வெல்ஸ், 70களில கல்வி அமைச்சரா இருந்தவர். 1985 இல லிபரலுக்காக அல்வின் கேர்லிங் வெண்டவர். யமேக்காவில பிறந்தவர், டேவிட் பீற்றர்சன் அமைச்சரவையில வீடமைப்பு அமைச்சர், ஒன்ராறியோவின்ர முதல் கறுப்பின அமைச்சர். 1990 இல மாகாணம் முழுக்க என்டிபி அலை அடிச்சது, 1995 இல மைக் ஹரிஸின்ர கொன்சவேட்டிவ் அலை அடிச்சது, ரெண்டிலயும் அந்த மனுசன் அசையேல்லை.

1995 டிசம்பரில நடந்த ஒரு சம்பவம் அக்காவுக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. ஹரிஸ் அரசு பில் 26 எண்டு, கன விசயத்தை ஒண்டாக் கட்டின ஒரு பெரிய மூட்டைச் சட்டத்தை அவசரமா நிறைவேத்தப் பாத்தது. அதை மறிக்க கேர்லிங் வோட் போடவும் மாட்டன், சபையை விட்டு வெளியேறவும் மாட்டன் எண்டு கதிரையிலயே இருந்திட்டார். சபாநாயகர் வெளியால போகச் சொன்னவர், இவர் போகேல்லை. மற்ற எதிர்க்கட்சிக்காரர் அவரைச் சுத்தி நிண்டு கொண்டினம், சபைக் காவல் அதிகாரிக்குக் கிட்டப் போக ஏலாமல் போச்சு. ராத்திரி முழுக்க அப்பிடியே கிடந்தது. அக்கா அதை ரீவியில பாத்தவா, "எங்கட ஆள்" எண்டுதான் இப்பவும் சொல்லுறா. எட்டு வருசம் கழிச்சு அதே மனுசன் சபாநாயகர் கதிரையில இருந்தவர் (2003 இல இருந்து 2005 வரை). இப்பிடி ஒண்டு பட்டியலில வெறும் பேரா நிண்டால் ஆருக்கு என்ன விளங்கும்.

1996 இல ஹரிஸ் அரசு அரசியல்வாதியளின்ர எண்ணிக்கையைக் குறைக்கிற சட்டம் ஒண்டு கொண்டுவந்து, 130 மாகாணத் தொகுதியை 103 ஆக்கி, எல்லையளை ஒட்டாவாத் தொகுதியளோட ஒண்டாக்கினது. அது 1999 எலக்சனில நடைமுறைக்கு வந்தது. அப்பத்தான் ஸ்காபரோ நோர்த் போய் மாகாணத்திலயும் ஸ்காபரோ ரூஜ் றிவர் எண்ட பேர் வந்தது, ஒட்டாவாவுக்கு அந்தப் பேர் 1988 எலக்சனில இருந்தே இருந்தது. பெரும்பாலும் 401 நெடுஞ்சாலைக்கு வடக்க, ஸ்ரீல்ஸ் றோட் வரைக்கும். கேர்லிங் அங்கயும் 1999, 2003 ரெண்டிலயும் வெண்டு, 2005 இல டொமினிக்கன் குடியரசுக்குத் தூதுவராப் போக, அந்த நவம்பர் இடைத்தேர்தலில பல்கிசூன் வந்தவர்.

போர்ட் யூனியன் ஐயாவின்ர கதை முழுக்க வேற. அவர் 401க்குத் தெற்க, ஏரிக் கரைப் பக்கம். அது ஸ்காபரோ ஈஸ்ட். 1971 இல இருந்து 1985 வரை அங்க மார்கரெட் பேர்ச், 1972 இல ஒன்ராறியோ அமைச்சரவைக்குள்ள போன முதல் பொம்பிளை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு அலைக்கும் அந்தத் தொகுதி சாய்ஞ்சு குடுத்தது, லிபரல் எட் ஃபுல்ட்டன், 90 இல என்டிபி பொப் ஃபிராங்க்ஃபோர்ட், 95 இல கொன்சவேட்டிவ் ஸ்ரீவ் கில்கிறிஸ்ட், 2003 இல லிபரல் மேரி ஆன் சேம்பர்ஸ். 401க்கு அந்தப் பக்கம் ஒரே ஆள் இருபது வருசம், இந்தப் பக்கம் காத்து எங்க அடிக்குதோ அங்க. 2007 இல ஸ்காபரோ ஈஸ்டையும் உடைச்சாச்சு. ஐயாவின்ர வீடு பிக்கறிங் ஸ்காபரோ ஈஸ்ட்டுக்குப் போனது, மாநகர எல்லையைத் தாண்டி டர்ஹம் பக்கத்துச் சனத்தோட சேத்து ஒரு தொகுதி. அங்க முதல்ல வெய்ன் ஆர்தர்ஸ், 2011 இல இருந்து ட்ரேசி மக்சார்ல்ஸ். வெஸ்ட் ஹில் அம்மாவின்ர வீடு அதே 2007 இல ஸ்காபரோ கில்ட்வூட்டுக்குப் போனது, மார்கரெட் பெஸ்ட், 2013 இடைத்தேர்தலுக்குப் பிறகு மிற்சி ஹன்ரர்.

2018 இல இந்த மூண்டு துண்டையும் கொண்டுவந்து ஒட்டித்தான் ஸ்காபரோ ரூஜ் பார்க் செய்தது. ரூஜ் றிவரின்ர மிச்சம் ஸ்காபரோ நோர்த் எண்டு திரும்பப் பழைய பேரை எடுத்தது. மால்வேர்ணுக்கு நடுவால நீல்சன் றோட் கோடாப் போனது, கிழக்குப் பக்கம் ரூஜ் பார்க், மேற்குப் பக்கம் நோர்த். றோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மகளும் அந்தப் பக்கம் இருக்கிற தாயும் அண்டைக்கு வேற வேற தொகுதி.

இதெல்லாம் கடதாசியில கோடு போட்டுப் பாத்த பிறகுதான் ஐயாவின்ர கேள்விக்குப் பதில் கிடைச்சது. தொகுதிக்கு ஒரு வரலாறு இல்லை. அது எந்த வாசலில நிண்டு கேட்கிறம் எண்டதைப் பொறுத்தது. "எங்கள் தொகுதியின் வரலாறு" எண்ட தலைப்பில "எங்கள்" எண்டது ஆர் எண்டு முடிவெடுக்காமல் பட்டியல் போட்டதாலதான் சண்டை வந்தது.

முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, நேர்கோட்டுப் பட்டியலை விடுறது. குழுவில இதுக்கு எதிர்ப்பு இருந்தது, சனத்துக்குச் சிம்பிளா ஒரு பட்டியல் காணும், ஏன் குழப்புறியள் எண்டு செயலாளர் சொன்னவர். அவர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு, முதியோர் கையேட்டில மூண்டு நிரல் போட்டால் கண்ணுக்குக் கஸ்ரம். ஆனா சிம்பிளா இருக்க வேணும் எண்டதுக்காக ஐயாவுக்கு அவர் போடாத வோட்டைப் போட்டதாச் சொல்ல ஏலாது. கடைசியில பெரிய எழுத்தில மூண்டு பத்தி எண்டு ஒத்துக்கொண்டம், "உங்கள் வீடு மால்வேர்ண் பக்கம் எண்டால்", "போர்ட் யூனியன் பக்கம் எண்டால்", "வெஸ்ட் ஹில் பக்கம் எண்டால்". மூண்டும் 2018 இல ஒண்டாச் சேரும். அந்தந்தப் பத்தியை அந்தந்த ஏரியா ஆளே வாசிச்சுச் சரி பாத்தவை, புத்தகத்தில இல்லாத ஒரு நன்மை அது.

ரெண்டாவது, மாகாணத்தை மட்டும் போடுறது. ராதிகாவையும் கரியையும் எடுக்கிறதெண்டால் கன பேருக்கு மனம் வரேல்லை, ஏனெண்டால் அந்த நிலத்தில தமிழரின்ர கதை எண்டால் முதல்ல வாறது 2011 தான். மாஸ்டரே "அந்தப் பிள்ளையின்ர பேர் இல்லாமல் ஒரு வரலாறோ" எண்டு கேட்டவர். அதுக்காகக் கீழ ஒரு தனிப் பெட்டி போட்டம், "ஒட்டாவாவில்" எண்டு, டெரிக் லீ 1988–2011, ராதிகா 2011–2015, 2015 இல இருந்து கரி. பெட்டிக்கு வேற நிறம். குயின்ஸ் பார்க்கில முதல் தமிழர் எண்டு வாறது 2018 இலதான், ரூஜ் பார்க்கில விஜய் தணிகாசலமும் மார்க்கம் தோர்ண்ஹில்லில லோகன் கணபதியும், ரெண்டு பேரும் கொன்சவேட்டிவ். ரெண்டு "முதல்" ஒரே தாளில வருது எண்டால் எது எந்தச் சபை எண்டு எழுதத்தான் வேணும்.

மூண்டாவது, ஆரையும் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. சங்கம் பதிஞ்ச தொண்டு நிறுவனம், கனடாச் சட்டப்படி அப்பிடிப்பட்ட நிறுவனம் ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவும் ஏலாது எதிர்க்கவும் ஏலாது. எலக்சன் நேரத்தில வாற கையேட்டில ஒரு பெயரடை கூடினாலும் ஆராவது கேள்வி கேட்பினம். மாஸ்டர் வரைவில "மக்கள் மனம் கவர்ந்த" எண்டு ஒராளுக்குப் போட்டிருந்தவர், அதை வெட்டினது. 2021 இல நிறைவேறின தமிழ் இனப்படுகொலை கல்வி வாரச் சட்டத்தை (பில் 104) போடுறதா விடுறதா எண்டு நீண்ட நேரம் கதைச்சம். அதைக் கொண்டுவந்தது இதே தொகுதி எம்பிபி, போட்டால் அவருக்குப் பிரச்சாரம் மாதிரி, விட்டால் வரலாற்றில ஓட்டை. எந்த வருசம், என்ன சட்டம், ஆர் முன்வைச்சது எண்ட மூண்டு விசயத்தோட ஒரே வசனத்தில முடிச்சம்.

2016 பகுதியை எழுதினது

கையேட்டில ஆகக் கஸ்ரப்பட்ட பத்தி இதுதான், ஏனெண்டால் சனத்தின்ர ஞாபகம் ஆகக் குழம்பிக் கிடந்ததும் இங்கதான்.

2016 மார்ச்சில பல்கிசூன் திடீரெண்டு பதவி விலகினவர். ரூஜ் றிவருக்கு இடைத்தேர்தல் செப்ரெம்பர் 1. கொன்சவேட்டிவுக்கு றேமண்ட் சோ, லிபரலுக்கு பிரகல் திரு, என்டிபிக்கு நீதன் சண். மூண்டு பெரிய கட்சியில ரெண்டு தமிழர். சோ கிட்டத்தட்ட 39 வீதம் எடுத்து வெண்டவர், திரு 29, நீதன் 27. 1985 இல இருந்து லிபரலிட்ட இருந்த நிலம் கைமாறினது, ரொறன்ரோ முழுக்க அப்ப கொன்சவேட்டிவுக்கு அந்த ஒரு சீற்றுத்தான்.

சங்கத்தில கன பேர் இதுக்குச் சொன்ன விளக்கம், "ரெண்டு தமிழர் நிண்டு வோட்டைப் பிரிச்சுப் போட்டினம்". கணக்குப் பாத்தால் 29உம் 27உம் சேந்தால் 39ஐ விடக் கூடத்தான், ஆனா அந்த 56 வீதமும் தமிழ் வோட் இல்லை. லிபரலுக்கு எண்டும் என்டிபிக்கு எண்டும் போடுற மற்றச் சனம் அதுக்குள்ள கனக்க. நீதன் 2011 இலயும் 2014 இலயும் அதே தொகுதியில ரெண்டாவதா வந்தவர், அப்ப லிபரலுக்குத் தமிழர் நிக்கேல்லை. சோ பக்கமும் பாக்க வேணும், 1991 இல இருந்து அந்தப் பகுதியின்ர கவுன்சிலர், 79 வயசு, வீடு வீடாத் தெரிஞ்ச முகம். இன்னொண்டு, கொன்சவேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுண் பேரில, லிபரல் அரசின்ர புதுப் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை நிப்பாட்டுவம் எண்டு ஒரு கடிதம் வீடுகளுக்குப் போனது. வோட்டுக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னம் அது பிழை எண்டு அவரே பின்வாங்கினவர். எது எவ்வளவு வோட்டை மாத்தினது எண்டு ஆரும் அளந்து காட்டேல்லை. அதால கையேட்டில காரணமே எழுதேல்லை, வேட்பாளர், கட்சி, வீதம், அவ்வளவும்தான். எனக்கு இது கொஞ்சம் சப்பெண்டு இருந்தது உண்மை, ஆனா "பிரிச்சுப் போட்டினம்" எண்டு அச்சில போட்டால் அது அப்பிடியே நிலைச்சிடும்.

ஞாபகம் குழம்பினதுக்கு இன்னொரு காரணம் வாக்குச்சீட்டுகள். நீதன் 2016 இல பாடசாலைச் சபை இடைத்தேர்தலில வெண்டவர், அந்தச் செப்ரெம்பரில மாகாணத்துக்கு நிண்டு மூண்டாவது, 2017 பெப்ரவரியில சோ விட்டுப் போன 42ஆம் வட்டாரத்துக்கு நிண்டு கவுன்சிலரா வெண்டவர். கொஞ்சக் காலத்துக்குள்ள அதே சனம் அதே பேருக்கு முன்னால மூண்டுதரம் பென்சில் பிடிச்சது. சோவும் அப்பிடித்தான், 1988 இல ஒட்டாவாவுக்கு என்டிபியில, 2004 இல ஒட்டாவாவுக்கு சுயேச்சையா, 2014 இல மாகாணத்துக்கு கொன்சவேட்டிவா நிண்டவர், நடுவில எல்லாம் கவுன்சிலர். மால்வேர்ண் அக்கா "நான் சோவுக்குப் போட்டனான், ஆனா எதுக்கெண்டு கேக்காதைங்கோ" எண்டு சிரிச்சவா. சபைப் பேரில்லாமல் ஆளின்ர பேரை மட்டும் வைச்சு ஞாபகத்தை நம்ப ஏலாது எண்டு அண்டைக்கே குழுவுக்கு விளங்கிட்டுது, பிறகு வாய்மொழியா வந்த எதையும் வருசமும் சபையும் தெரியாமல் போடேல்லை.

பிறகு நடந்தது

கையேடு வோட்டுக்கு முன்னமே அடிச்சுக் குடுத்தாச்சு. ஐயா தன்ர பத்தியை வெட்டிக் குளிர்ப்பெட்டியில ஒட்டி வைச்சிருக்கிறார் எண்டு அவற்ற மகள் சொன்னவா. 2018 இல ஆயிரத்துக்கும் குறைவான வோட்டால வெண்ட தணிகாசலம் 2022 இலயும் 2025 பெப்ரவரியிலயும் திரும்ப வெண்டவர். அதுவரைக்கும் சரி.

ஆனா சங்கத்துக்கு வந்த போன் அழைப்புகளில வரலாற்றைப் பற்றிக் கேட்டவை குறைவு. கூடுதலா வந்த கேள்வி எங்க போய் வோட் போடுறது, வாக்காளர் கார்ட் வரேல்லை எண்டால் போட ஏலுமோ, என்ன ஐடி கொண்டு போறது. கையேட்டில அது ஒண்டும் இல்லை. எலக்சன்ஸ் ஒன்ராறியோ நம்பரைக் கூடப் போடேல்லை. கார்ட் இல்லாட்டியும் பேரும் விலாசமும் காட்டுற ஐடியோட போய் வோட் போடலாம் எண்டதை செயலாளர் ஒவ்வொருத்தருக்கும் போனில சொன்னவர்.

அடுத்தது ஏப்ரலில. கனடா எலக்சன் ஏப்ரல் 28. போர்ட் யூனியன் ஐயாவுக்கு எலக்சன்ஸ் கனடாவில இருந்து கார்ட் வந்தது, அதில தொகுதி ஸ்காபரோ கில்ட்வூட் ரூஜ் பார்க் எண்டு கிடந்தது. அவர் எங்கட கையேட்டையும் கொண்டு சங்கத்துக்கு வந்திட்டார். "நீங்கள் ரூஜ் பார்க் எண்டு எழுதியிருக்கிறியள், இவங்கள் கில்ட்வூட்டைக் கொண்டுவந்து முன்னால கொழுவியிருக்கிறாங்கள், ஆர் சரி?" அவருக்கு மட்டுமில்லை, இன்னும் ரெண்டு மூண்டு பேருக்கு கார்ட் பிழையா வந்திட்டுது எண்ட நினைப்பு, ஒராள் திருப்பி அனுப்பவும் வெளிக்கிட்டவர்.

ரெண்டும் சரி. 2021 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு சுயாதீன ஆணைக்குழு ஒட்டாவாத் தொகுதியளைத் திரும்ப வரைஞ்சது, ஒன்ராறியோவுக்கு மொத்தம் 121இல இருந்து 122 ஆச்சு, ஆனா ரொறன்ரோவுக்கு ஒண்டு குறைஞ்சு 24. அந்தக் குறைவு வந்ததாலதான் ஸ்காபரோப் பக்கம் கில்ட்வூட்டும் ரூஜ் பார்க்கும் ஒண்டுக்குள்ள போனது. மாகாணம் அந்தப் புதுக் கோட்டை எடுக்கேல்லை, 2018 இல வந்த அதே 124 தொகுதியோடதான் 2025 எலக்சன் நடந்தது. அதால ரெண்டு மாச இடைவெளியில ஒரே வீட்டுக்கு ரெண்டு தொகுதிப் பேர்.

கையேட்டுக்காகத் தேடேக்க கிடைச்ச ஒரு விசயம் இங்க உதவினது. இது புதுசில்லை. 2015 ஒக்ரோபரில மால்வேர்ண் கிழக்குச் சனம் ஒட்டாவாவுக்கு ரூஜ் பார்க் எண்ட பேரில வோட் போட்டது, பத்து மாசம் கழிச்சு 2016 இடைத்தேர்தலில மாகாணத்துக்கு ரூஜ் றிவர் எண்ட பழைய பேரில போட்டது. ஒட்டாவா கோட்டை மாத்தும், குயின்ஸ் பார்க் பின்னால ஆறுதலா வரும், சிலவேளை வராமலும் விடும். அக்காவை வைச்சே அதை ஐயாவுக்குச் சொல்ல வைச்சம். "அண்டைக்கு எங்களுக்கும் உதுதானண்ணை, கார்ட்டைத் தூக்கி எறியாமல் போய்ப் போடுங்கோ" எண்டு அவா சொன்னது, நாங்கள் வரைபடம் காட்டிச் சொன்னதை விட வேகமா ஏறினது. கார்ட்டைத் திருப்பி அனுப்ப வெளிக்கிட்டவரும் போய் வோட் போட்டவர்.

அடுத்த பதிப்பில மாத்திறது

தலைப்பு மாறும். "எங்கள் தொகுதி" எண்டு பொதுவா இல்லாமல் "ஒன்ராறியோ மாகாணத் தொகுதி" எண்டு, கீழ எந்த மாசத்து நிலவரம் எண்டு திகதியோட. பெப்ரவரிக் கையேடு ஏப்ரலிலயும் கையில இருந்ததுதான் பிரச்சினை, கடதாசியில திகதி இல்லாட்டிச் சனம் அதை எண்டைக்கும் செல்லும் எண்டுதான் எடுக்கும். தபால் குறியீட்டைப் போட்டுத் தொகுதி பாக்கிற வழி முதல் பக்கத்துக்கு வரும், ரெண்டு தேர்தல் அலுவலகத்தின்ர நம்பரும் வேற வேற நிறத்தில. வரலாறு பின்பக்கம் போகும். மாஸ்டருக்கு இது பெரிசாப் பிடிக்கேல்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டவர்.

நீல்சன் றோட்டுக்கு மேற்க இருக்கிற உறுப்பினருக்காக ஸ்காபரோ நோர்த்துக்கும் ஒரு தாள் கேட்டிருக்கினம். அதில இன்னொரு பொறி கிடக்கு. 1963–1999 ஸ்காபரோ நோர்த்தும் 2018க்குப் பிறகு வந்த ஸ்காபரோ நோர்த்தும் பேரால ஒண்டு, நிலத்தால வேற, பழசு நல்லாப் பெரிசு. கேர்லிங்குக்கு அடுத்தது சோ எண்டு ஒரே பேருக்குக் கீழ எழுதினால் நடுவில பத்தொன்பது வருசமும் பல்கிசூனும் காணாமல் போயிடும். அதால அதுக்கும் வாசல்படியில இருந்துதான் தொடங்கிறது எண்டு சொல்லியாச்சு.

மாநகர வட்டாரத்தைச் சேக்கிறதா எண்டது இன்னும் முடிவாகேல்லை. 2018 இல டக் ஃபோர்ட் அரசு ரொறன்ரோ சபையை 25 ஆக் குறைக்கேக்க வட்டாரங்களையும் தொகுதி எல்லையோட ஒண்டாக்கிட்டுது, 25ஆம் வட்டாரம் ஸ்காபரோ ரூஜ் பார்க், 23ஆம் வட்டாரம் ஸ்காபரோ நோர்த். செயலாளர் வேண்டாம் எண்டுறார், தாள் நிரம்பிடும் எண்டு. மாஸ்டர் வேணும் எண்டுறார். 2026 ஒக்ரோபரில மாநகர எலக்சன், அதுக்கு முன்னம் ரெண்டு பேரும் ஒரு வரைவு கொண்டு வாறதா இருக்கு, போர்ட் யூனியன் ஐயாவும் அக்காவும் அதை வாசிச்சுச் சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும்.